புல்லுருவியை மரத்தில் விதைப்பது யார்? கொல்லிமலைக் குருவியும் சிலி நாட்டுப் பைப்பாலூட்டியும்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் நம் குடும்பங்கள், அருவியையும் பலாப்பழக் கடைகளையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றன. அடுத்த முறை போகும்போது மாமரங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சில கிளைகளில் மாவிலையோடு ஒட்டாத, தடித்த வேறொரு இலைக்கொத்து தெரியும். அதுதான் புல்லுருவி. மரத்தின் நீரையும் சத்தையும் கிளைக்குள்ளிருந்தே உறிஞ்சி வாழும் செடி. அது பெருகிவிட்டால் கிளை காய்ந்துபோகும், காய்ப்பும் குறையும்.

மண்ணில் முளைக்காத இச்செடி மரத்தின் மேல் எப்படி ஏறியது? சுமார் 8 சென்டிமீட்டர் நீளமே உள்ள பூங்கொத்தி என்ற குருவிதான் ஏற்றியது. புல்லுருவிப் பழத்தை அது அப்படியே விழுங்கும். சதை செரித்த பிறகு விதை பசையோடு வெளியே வரும். அந்தப் பசை லேசில் விடாது. குருவி உடம்பைக் கிளையில் தேய்த்துத்தான் விதையை விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்திலேயே விதை ஒட்டி, முளைத்து, பட்டையைத் துளைத்து உள்ளே போகிறது. நீலகிரியில் ஆய்வு செய்த பிரியா டேவிதார், பூங்கொத்தியை நம்பியிருக்கும் சில புல்லுருவிகளின் மொட்டுகள் பழத்தைப் போலவே இருப்பதாக 1983-ல் எழுதினார். அதாவது, மகரந்தச் சேர்க்கையும் இதே குருவியின் வேலைதான்.

இதே வேலையைத் தென் அமெரிக்காவில் செய்வது ஒரு பறவையே அல்ல. சிலி, அர்ஜென்டினா நாடுகளின் குளிர்காடுகளில் ‘மோனிட்டோ டெல் மோன்டே’ என்றொரு பிராணி உண்டு. பெயருக்கு ‘மலைக் குட்டிக்குரங்கு’ என்று பொருள், பார்வைக்குச் சுண்டெலி. உண்மையில் அது கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம். இரவில் மட்டும் நடமாடும். வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலத்தில் உறங்கிவிடும். அங்குள்ள ஒரு புல்லுருவியின் விதையைப் பரப்புவது இதுதான் என்று 2000-ல் ‘நேச்சர்’ இதழில் அமிகோ, ஐசன் என்ற இருவர் எழுதினர். இதன் வயிற்றைக் கடந்து வந்தால்தான் அந்த விதை முளைக்கிறது. அந்தப் பழம் கனிந்த பிறகும் பச்சையாகவே இருக்கும். இருட்டில் தேடி வருபவருக்கு நிறம் எதற்கு?

ஒன்றுக்கு இறக்கை, மற்றதற்கு வால். ஒன்று பகலில், மற்றது இரவில். வேடிக்கை என்னவென்றால், பை இரண்டிடமும் உண்டு: பூங்கொத்தியின் கூடு கிளையில் தொங்கும் சுருக்குப் பை போலவே இருக்கும்.

சிலியில் அந்தப் புல்லுருவி குளிர்காலத்தில் பூக்கிறது. வேறு பூ அதிகம் கிடைக்காத அந்நாளில் ஓசனிச்சிட்டு என்ற சிறு பறவைக்குத் தேன் தருவது அதுவே. பிராணி அழிந்தால் செடியும் போகும், சிட்டும் பட்டினி கிடக்கும். நம் ஊரிலும் புல்லுருவிப் பூவில் தேன்சிட்டுகள் மொய்ப்பதைப் பார்க்கலாம்.

அதற்காக விவசாயி நட்டப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தோப்பில் புல்லுருவி கண்டால் குருவியை விரட்டிப் பயனில்லை. இலையை மட்டும் ஒடித்தாலும் மறுபடி துளிர்க்கும். பழம் வருவதற்கு முன்பே, அது ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கிளையோடு வெட்டிவிட வேண்டும். காட்டு மரத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம்.