உங்களுக்குத் தெரியுமா? இரவல் குழந்தையோடு ஒரு குடும்பப் படம்

1854-இல் பாரிஸ் புகைப்படக்காரர் டிஸ்டேரி, அட்டையில் ஒட்டிய விசிட்டிங் கார்டு அளவுச் சிறு படங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள் எடுக்க முடிந்ததால் விலை மலிந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்க வீட்டு ஆல்பங்களில் தாத்தா பாட்டிக்கு அடுத்த பக்கத்திலேயே குள்ளர்கள், நெட்டையர்கள், தாடி வளர்ந்த பெண்கள் என மேடைக் கலைஞர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இவர்களில் பெரும்புகழ் பெற்றவர் 'ஜெனரல் டாம் தம்' என்ற சார்லஸ் ஸ்ட்ராட்டன். இளம் வயதில் உயரம் மூன்றடிகூட இல்லை. 1863 பிப்ரவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவே, நியூயார்க்கில் அவர் லவீனியா வாரனை மணந்தார். கல்யாணப் படங்கள் அமோகமாக விற்றன. பிறகு தம்பதி கைக்குழந்தையோடு இருக்கும் படமும் வந்தது. அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது. அது இரவல் குழந்தை! படம் வாங்கிய வீடுகளில் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களா?

நியூயார்க் பௌரி தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த சார்லஸ் ஐசன்மன், 1870, 80-களில் இத்தகைய கலைஞர்களைப் படம் எடுப்பதிலேயே பேர் வாங்கியவர். கலைஞர்கள் அந்தப் படங்களைத் தங்கள் ரசிகர்களிடம் விற்றுக் காசு பார்த்தார்கள். இன்று அவை சேகரிப்பாளர்களின் வேட்டைப்பொருள். பெருந்தொகுப்பு ஒன்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பழைய அட்டை கிடைத்தால் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது. போர்ச் செலவுக்காகப் புகைப்படங்களுக்கும் வரி போட்ட காலம் அது.