உப்பு கோத்த சங்கிலி

சங்கிலியில் ஒரு வளையம் மற்றொன்றோடு ஒட்டியிருப்பதில்லை. ஆயினும் ஒன்றை உடைக்காமல் மற்றதைப் பிரிக்க முடியாது. பொற்கொல்லர் ஒரு வளையத்தின் வாயைத் திறந்து, அடுத்ததற்குள் நுழைத்து, பிறகு பற்றவைக்கிறார். இதே வேலையை மூலக்கூறுகளைக் கொண்டு செய்ய முடியுமா? அவற்றைப் பல்லாயிரக்கணக்கில் வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமயிரின் பருமன் வரும். எந்தக் குறட்டால் அவற்றைப் பிடிப்பது?

1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடெல் வாசர்மன் என்பவர் இத்தகைய சங்கிலியை உண்டாக்கினார். ஒரு வளையம் மூடும்போது மற்றது தற்செயலாக உள்ளே இருக்க வேண்டும் என்பதால், கிடைத்தது மிகச் சொற்பமே. 1983இல் பிரான்சு நாட்டின் சோவாழ் குழுவினர் செப்பு அயனி ஒன்றை நடுவில் வைத்து, இரு துண்டுகளையும் அது பிடித்திருக்கும்படி செய்து வளையங்களைக் கோத்தனர். அவருக்கும் வேறு இருவருக்கும் 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்பு அயனி நேர்மின்னேற்றம் உடையது. எதிர்மின்னேற்றம் உடையதை எதிரயனி என்போம். மின்னேற்றத்தின் வேலை தோட்டத்து மக்களுக்குப் பழக்கமானதே. ரப்பர்ப் பாலிலுள்ள நுண்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளுவதால் பால் உறையாமல் நிற்கிறது. அமிலம் ஊற்றியதும் அந்த மின்னேற்றம் சரிக்கட்டப்பட்டு, துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன.

நம் சமையல் உப்பிலும் ஓர் எதிரயனி உண்டு. அதுதான் குளோரைடு. எதிரயனிகளைப் பிடித்து வைப்பது கடினம். அவை பருத்தவை, பல வடிவத்தவை. நீரும் அவற்றை விடாமல் சூழ்ந்துகொள்ளும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நீர் அல்லாத திரவத்தில் வேலை செய்தனர்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பால் பியர் குழுவினர் 2002இல் குளோரைடை நடுவில் நிறுத்தினர். ஒரு பக்கம் நூல் போன்ற மூலக்கூறு. அதன் இரு முனையிலும் பருத்த முடிச்சுகள். மறு பக்கம் வாய் திறந்த வளையம். இரண்டிலும் உள்ள சில ஹைட்ரஜன் அணுக்கள் சிறிதளவு நேர்மின்தன்மை கொண்டவை. அவை குளோரைடை நாடின. நூலைச் சுற்றி வளையம் வளைந்து நின்றது. அந்நிலையிலேயே அதன் வாயை மூடினார்கள். முடிச்சுகளைத் தாண்டி வளையம் கழன்று வர வழியில்லை. 2004இல் இரு வளையங்களையும் இவ்வாறே கோத்தார்கள்.

பிறகு வெள்ளி உப்பைச் சேர்த்துக் குளோரைடை வெளியே எடுத்தார்கள். வெள்ளி அதைப் பற்றித் திண்மமாகப் படியச் செய்தது. கோப்பு கலையவில்லை, நடுவில் வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. அந்த இடம் குளோரைடுக்கென்றே அளவெடுத்தது போல் இருந்தது. நூல் தனியாக இருந்தபோது வேறு எதிரயனிகளை அதிகம் விரும்பியது. வளையம் கோத்தபின் குளோரைடையே தேர்ந்தெடுத்தது. அச்சை எடுத்த பின்னும் அதன் அடையாளம் தங்கிவிட்டது!

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். மரங்களுக்கு இடும் உரத்திலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எதிரயனிகளே. மழையில் கரைந்து ஓடையில் சேர்ந்தால் நீர் கெடும். ஒரே ஓர் எதிரயனியை மட்டும் அடையாளம் காணும் இத்தகைய கோப்புகள், நீரைச் சோதிக்கும் கருவிகளாக வளரக்கூடும். அந்த ஆராய்ச்சி இன்னும் நடந்து வருகிறது.

பினாங்கில் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயில வழி உண்டு. பெற்றோரே, அடுப்படியில் பிள்ளை உப்பைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கேட்கட்டும்.