நிலப்படமும் அதன் விவரக் குறிப்பும்

சீட்டு இல்லாத விதை மூட்டையை எந்த மிராசுதாரரும் நம்பி வாங்கமாட்டார். ரகம் யாது, எப்பொழுது அறுத்தது, முளைப்பு எவ்வளவு என்பவை தெரிந்தாலன்றோ அதனை நிலத்தில் இடலாம்! அங்ஙனமே நிலத்தைக் குறித்த படங்களுக்கும் கணக்குகளுக்கும் ஒரு சீட்டு வேண்டும். அளந்தவர் யார், எந்நாளில் அளந்தார், எந்த அளவையால், எக்காரியத்திற்காக என்பவற்றைக் கூறும் அச்சீட்டை இக்காலத்தார் மெட்டாடேட்டா என்பர். தமிழில் விவரக் குறிப்பு எனலாம்.

சேலம் சீமைக்கு இது புதிதன்று. 1792-இல் இப்பிரதேசம் கும்பெனியார் வசமானபின், காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் துரையும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோ துரையும் புலந்தோறும் அளந்து கணக்கு எழுதுவித்தனர். ஊர்ப் பெயர்களிலேயே குறிப்பு உண்டு. அமானி கொண்டலாம்பட்டி, மிட்டா புதூர் என்பவற்றை நோக்குக. சர்க்கார் நேரே நிர்வகித்தது அமானி. மிட்டாதாரர் வசமிருந்தது மிட்டா. அம்முறைகள் ஒழிந்தும் பெயர்கள் பழைய நிலையை அறிவித்து நிற்கின்றன.

முற்காலத்தில் கணக்கு எழுதிய கர்ணமே அதனை எடுத்து விளக்கவும் செய்தார். அவ்வுத்தியோகம் 1980-இல் நீக்கப்பட்டது. இப்பொழுது படங்கள் கணினியில் ஏறி, வருவாய், விவசாயம், பாசனம் ஆகிய பல இலாகாக்களுக்கும் பொதுவாகிவிட்டன. அளந்தவரைக் கண்டறியாதவரும் அவற்றைக் கையாளுகின்றனர். குறிப்பின்றிப் போன படத்தால் நேரும் பிழைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது அளவை. பழைய புலப்படங்கள் லிங்க் கணக்கில் உள்ளவை. 250 லிங்க் என்பது 165 அடி, அதாவது சுமார் 50 மீட்டர். அதனையே மீட்டர் என்று கொண்டால் வரப்பு ஐந்து மடங்கு நீண்டுவிடும்.

இரண்டாவது ஆண்டு. 1434-ஆம் பசலி என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. தையில் நட்டு கார்த்திகையில் பிடுங்கும் மரவள்ளி இரண்டு பசலிகளில் நிற்கும். "2024 மரவள்ளிப் பரப்பு" என்று மட்டும் எழுதினால் எந்தப் பயிரைக் குறித்தது என்பது விளங்காது.

மூன்றாவது எல்லை. சேலம் ஜில்லாவிலிருந்து 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. "சேலம்" என்ற பெயர் எவ்வருஷத்துச் சேலம் என்பதைச் சொல்லவேண்டும்.

நான்காவது அடிக்கணிப்பு. பழைய சர்வே படங்கள் பூமியின் உருவத்திற்கு எவரெஸ்ட் கணிப்பைத் தழுவியவை. செயற்கைக்கோளைக் கொண்டு இடமறியும் கருவிகள் டபிள்யு.ஜி.எஸ். 84 கணிப்பைத் தழுவியவை. இரண்டையும் கலந்தால் ஓரிடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகி, அடுத்தவர் காட்டில் போய் விழும்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதன்று. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று விதிக்கப்பட்டது. ஆகவே ஒருவர் அட்டையிலுள்ள முடிவு பக்கத்துப் புலத்து மண்ணின் முடிவாகவும் இருக்கக்கூடும். மாதிரி எடுத்த இடமும் நாளும் குறிப்பில் இராவிட்டால், ஜிப்சம் வேண்டிய களர் நிலம் அஃதின்றிக் கிடக்கும். வேண்டாத நிலத்தில் பணம் கொட்டப்படும்.

குறிப்பில் இருக்கவேண்டியவை: படத்தின் பெயர், கிராமமும் தாலுகாவும், அளந்த அலுவலகம், அளந்த நாள் (கணினியில் ஏற்றிய நாள் வேறு), அளவையும் அடிக்கணிப்பும், எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது, எக்காரியத்திற்கு உதவும், எதற்கு உதவாது என்பது, சந்தேகத்திற்குக் கேட்கவேண்டிய இடம். இத்தகைய குறிப்புகளுக்கு 2003-இல் ஐ.எஸ்.ஓ. 19115 என்னும் சர்வதேச விதியும் வகுக்கப்பட்டது.

திருத்தும்பொழுது பழையதை அழித்தல் தகாது. கிராமக் கணக்கில் பிழையை ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இடுவது நல்ல வழக்கம். கணினியிலும் திருத்தியவர், நாள், காரணம் மூன்றும் பதியவேண்டும். 45/2 என்னும் புலம் உட்பிரிவாகி 45/2ஏ, 45/2பி ஆனால், பழைய எண்ணும் உடன் நிற்கவேண்டும். 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்குத் தனிப் பத்தி இருப்பது இதன்பொருட்டே.

கிராம நிர்வாக அலுவலர்கள் எந்தப் படத்தையும் குறிப்பின்றி அனுப்பாதிருப்பாராக. நிலச் சொந்தக்காரர்களும் மண் மாதிரி எடுக்கையில் உடனிருந்து, புல எண்ணையும் நாளையும் தம் ஏட்டில் எழுதிவைத்து, அட்டை வந்தவுடன் ஒத்துப் பார்க்கவேண்டும். மாறுபாடு கண்டால் உரமிடுமுன்னரே விவசாய விரிவாக்க மையத்தில் கேட்டறிதல் நலம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதாத குறிப்புக்கும் அது பொருந்தும்.