கணக்கெழுதியவர் கட்டிய கடைத்தெரு

திருவனந்தபுரத்தில் கிழக்குக்கோட்டை என்று ஓர் இடம் உண்டு. எப்போதும் கூட்டமாக இருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட கடைத்தெரு கிளம்பிக் கிள்ளிப்பாலம் வரை போகிறது. அதன் பெயர் சாலை.

சாலையில் கிடைக்காத பொருள் இல்லை. அரிசி, பருப்பு, மிளகாய், கருப்பட்டி, வெற்றிலை, பூ, பாத்திரம் எல்லாம் கிடைக்கும். இங்கே மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் இங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைத்தெருவை உண்டாக்கியவர் யார்? திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். திவான் என்றால் மன்னருக்கு அடுத்தபடியாக நாட்டு நிர்வாகத்தைப் பார்ப்பவர். ஆனால் கேசவதாஸ் பதவியில் பிறந்தவர் அல்ல. பெயரில் உள்ள 'ராஜா' பிற்காலத்தில் கிடைத்த பட்டம்.

கடையில் தொடங்கிய வாழ்க்கை

அவருடைய இயற்பெயர் கேசவ பிள்ளை. 1745-ஆம் ஆண்டு குன்னத்தூர் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோடு பகுதியில் இருக்கிறது.

இளம் வயதில் போக்குமூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு எழுதுவது அவர் வேலை. எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, என்ன விலை, எவ்வளவு லாபம் என்பதை அங்கே கற்றுக்கொண்டார்.

அந்த வணிகர் மூலமாகவே அவர் அரண்மனைக்கு அறிமுகமானார். அப்போது ஆண்டவர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. தர்மராஜா என்று மக்கள் அழைத்த மன்னர். கேசவ பிள்ளைக்கு அரண்மனையில் எழுத்து வேலை கிடைத்தது.

கடைக் கணக்கு வேறு, அரண்மனை எழுத்து வேறு. அங்கே பேச்சு வேறு, பழக்கவழக்கம் வேறு. "இது எனக்குத் தெரியாத இடம்" என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அந்த நாளில் திருவிதாங்கூரின் மிளகை வாங்க டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டி போட்டார்கள். அவர்களோடு பேச மொழி வேண்டும். கேசவ பிள்ளை பல அந்நிய மொழிகளைக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். படிப்படியாக உயர்ந்து திவான் ஆனார்.

புதிய வேலை, பழைய அறிவு

1789-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய சோதனை வந்தது. திப்பு சுல்தான் படையோடு வந்து நெடுங்கோட்டையைத் தாக்கினார். நெடுங்கோட்டை என்பது திருவிதாங்கூரின் வடக்கு எல்லைக் காவல் அரண். கணக்கெழுதி வளர்ந்தவர் இப்போது போரையும் கவனிக்க வேண்டியிருந்தது. முதல் தாக்குதலைத் திருவிதாங்கூர் படை முறியடித்தது. 1790-இல் திப்புவின் படை மீண்டும் வந்து அரணை உடைத்து உள்ளே நுழைந்தது. ஆயினும் நாட்டை முழுவதும் பிடிக்க முடியாமல் அது திரும்பிப் போயிற்று.

போர் முடிந்தால் போதுமா? மக்களுக்கு அரிசி வேண்டும், உப்பு வேண்டும். அரசுக்கு வருமானம் வேண்டும். இங்கேதான் கேசவதாஸின் பழைய கடை அறிவு கைகொடுத்தது.

வெறும் தெருவுக்கு எந்த வியாபாரியும் வர மாட்டார். வண்டி போக நல்ல வழி, சரக்கை வைக்க இடம், திருட்டுப் பயம் இல்லாத காவல், வாங்க ஆட்கள் ஆகியவை வேண்டும். கடையில் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா? வடக்கே ஆலப்புழைத் துறைமுகத்தை அவர் வளர்த்தார். கட்ச், பம்பாய்ப் பக்கத்து வணிகர்களை அங்கே வரவழைத்தார். தெற்கே தலைநகருக்காகச் சாலைக் கடைத்தெருவை அமைத்தார்.

பதவி போனது, வேலை நின்றது

1798-இல் தர்மராஜா இறந்தார். அடுத்து வந்த மன்னர் மிகவும் இளையவர். அரண்மனையில் கேசவதாஸின் எதிரிகள் கை ஓங்கியது. அவரது பதவி பறிபோனது. 1799-இல் அவர் இறந்தார். நஞ்சு கொடுக்கப்பட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

தலைமை என்பது பூமெத்தை அல்ல. பதவி இன்று வரும், நாளை போகும். ஆனால் அவர் செய்த வேலை நின்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சாலையில் வியாபாரம் நடக்கிறது. திருவனந்தபுரத்தில் கேசவதாசபுரம் என்ற இடம் அவர் பெயரைச் சொல்கிறது.

நம் ஊரில்

இது பழைய கதை மட்டும்தானா? இல்லை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு என்று அது சொன்னது. கேரளமும் தமிழ்நாடும் பின்னர் அதைப் பாதியாக உயர்த்தின. கேரளத்தில் 1998-இல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதன் ஒவ்வொரு அயல்கூட்டத்துக்கும் ஒரு தலைவி, ஒரு செயலாளர் உண்டு.

வீட்டுக்குள் இருந்த பெண்ணிடம் ஒருநாள், "நீங்களே தலைவியாக இருங்கள்" என்று கேட்கிறார்கள். அவருக்குப் பயம் வருகிறது. "எனக்கு என்ன தெரியும்?" என்கிறார். பயம் இயல்புதான். ஆனால் பயந்து ஒதுங்கினால் என்ன ஆகும்? நாற்காலி அவருடையதாக இருக்கும். முடிவு வேறொருவருடையதாக இருக்கும்.

அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என்று மாதச் செலவைத் திட்டமிடுகிறவர் அவர். குழுவின் கணக்கும் அதே கணக்குத்தான், தொகைதான் பெரிது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கலாம். கணக்குப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கலாம். படித்துப் புரியாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முதல் கூட்டத்தில் குரல் நடுங்கும். பத்தாவது கூட்டத்தில் நடுங்காது.

நீந்தக் கற்ற பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றால் நடக்குமா? கேசவ பிள்ளையும் திவான் வேலையைக் கற்றுக்கொண்டு அரண்மனைக்குள் போகவில்லை. போன பிறகுதான் கற்றுக்கொண்டார்.

பேசிப் பாருங்கள்

1. கடையில் கற்றது கேசவதாஸுக்குத் திவான் வேலையில் எப்படி உதவியது?
2. உங்களிடம் யாராவது புதிய பொறுப்பைத் தர முன்வந்தது உண்டா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?
3. உங்கள் அன்றாட வேலையில் கற்ற எது ஊருக்குப் பயன்படும்?