ஈயம் பூசிய கையும் எபாக்ஸி ஊற்றும் கையும்

பழைய மோட்டார் சைக்கிளில் டேங்க் ஒழுகினால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டிப் பக்கம் காலையில் போனால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கும். குனிந்து பார்த்தால் டேங்கின் அடியில், தகடு மடிந்து ஓடும் இடத்தில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். விழுந்த வேகத்தில் ஆவியாகிவிடுவதால் தரையில் தடம்கூட இருக்காது. பெயிண்ட் மட்டும் அந்த இடத்தில் உப்பிச் சுருங்கிப் பழுப்பேறியிருக்கும். பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே இருக்கும் ஆயக்குடியில் இந்தச் சொட்டை நிறுத்த அன்றைக்கு ஒரு வழி இருந்தது, இன்றைக்கு வேறு வழி வந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வருத்தம்.

ஆயக்குடி கொய்யாவின் ஊர். காலையில் சந்தைக்குப் பெட்டி பெட்டியாகக் கொய்யா இறங்கும். அந்தப் பெட்டிகளைத் தோப்பிலிருந்து சுமந்து வருவது பெரும்பாலும் மொபெட்டுகள்தான். 1980ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50யின் வாரிசுகள் அவை. அதற்கு முந்தைய காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் என்றால் விரல்விட்டு எண்ணும் பெயர்கள்தான். முதலில் புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து 1955ல் தொடங்கி, திருவொற்றியூரில் செய்தது. அடுத்தது மைசூரிலிருந்து வந்த ஜாவா, பிறகு அதுவே யெஸ்டியாகப் பேர் மாறியது. மூன்றாவது ராஜ்தூத். இவற்றில் ஒன்று வீட்டில் இருந்தால் அது ஒரு தலைமுறைச் சொத்து. அப்பா ஓட்டி, சித்தப்பா ஓட்டி, மகன் கைக்கு வரும். டேங்க் ஒழுகுகிறது என்பதற்காகப் புது டேங்க் வாங்குவதை யாரும் யோசித்ததில்லை. 1985 செப்டம்பர் வரைக்கும் திண்டுக்கல்லே மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெரிய உதிரி பாகம் ஒன்று வேண்டுமென்றால் மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். போன இடத்தில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அதனால் டேங்க் பட்டறைக்குப் போனது. அந்தப் பட்டறைக்காரர் மோட்டார் மெக்கானிக்காகக்கூட இருக்க மாட்டார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், தகரப் பெட்டி செய்கிறவர், பஸ் பாடிக்கு டிங்கரிங் பார்க்கிறவர் இவர்களில் ஒருவராக இருப்பார். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சீமையில் தகட்டையும் அரத்தையும் தொட்டு வளர்ந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. “அண்ணே, டேங்கு ஒழுகுதுங்க” என்று கொண்டுபோனால், “பெட்ரோலை வடிச்சுட்டு, மூடியத் திறந்து வச்சுட்டுப் போ தம்பி. இன்னைக்குத் தொட மாட்டேன்” என்பார். அந்த ‘இன்னைக்குத் தொட மாட்டேன்’ என்பதில்தான் அவர் உயிர் இருந்தது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நிறைய பேர் பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. தீப்பிடிப்பது திரவமில்லை, ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. வடித்து வைத்த டேங்கில்தான் அந்த அளவு சரியாக அமைந்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடியைத் திறந்து வைத்துவிட்டால் தானாகப் பறந்து போய்விடாது, அடியிலேயே படுத்துக்கிடக்கும். துருவின் பொருக்குக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஊறியிருக்கும் பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் சலவை சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். பிறகு ஓட்டை இருக்கும் இடத்தை மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீரை நிரப்பி, ஆவி தங்க இடமில்லாமல் செய்த பிறகே நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் செய்யாமல் அவசரப்பட்டவர்கள் பார்வையை இழந்தார்கள், கையை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். அந்தக் காலத்துப் பட்டறையைப் பற்றி உருகிப் பேசும்போது இதை மறைத்துப் பேசக்கூடாது.

வேலை இரண்டு விதம். ஊசித் துளை என்றால் ஈயம். சுற்றிலும் பெயிண்டைச் சுரண்டித் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, செம்பு முனை வைத்த கட்டையைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தில் தேய்த்து ஈயத்தை இழுப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் சரியான அளவில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். தகடு வளையாது, வேலை சுத்தமாக நிற்கும். விரிசல் என்றாலோ, டேங்கைச் சட்டத்தோடு பிடிக்கும் பட்டை பிய்ந்திருந்தாலோ கேஸ் வைத்துப் பித்தளை ஊத வேண்டும். பித்தளைக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதற்கான கேஸைக் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டுப் பட்டறையிலேயே உண்டாக்கினார்கள்.

இதில் பட்டறைக்காரர்கள் கண்டிப்பாகப் பார்த்த ஒரு விதி உண்டு. ஈயம் பட்ட தகட்டில் பிறகு பித்தளை ஒட்டாது. ஈயம் தகட்டின் மேல்பரப்பைக் கெடுத்துவிடும். ஆகவே ஈயம் வைப்பதற்கு முன்னால், நாளைக்கு இந்த இடம் பெரிதாகக் கிழிந்தால் என்ன செய்வது என்று யோசித்தாக வேண்டும். ஈயத்துக்கு மேல் ஈயம் எத்தனை தடவை வேண்டுமானாலும் வைக்கலாம், சூடு காட்டினால் கழன்றும் வந்துவிடும். தன் வேலைக்கு அப்புறம் இன்னொருவர் வந்து கை வைப்பார் என்று எண்ணிச் செய்த ரிப்பேர் அது. அன்றைய பழக்கங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

வழியில் ஒழுகினால் சலவை சோப்பைப் பிசைந்து அப்பிவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது. பிறகு எம்-சீல் வந்தது. இவையெல்லாம் ஊர் வந்து சேர்வதற்கு.

டேங்க் ஏன் ஓட்டையாகிறது? பாதிக்குமேல் காலியாக நிற்கும் டேங்கில் ராத்திரிக் குளிருக்குக் காற்றின் ஈரம் உள்தகட்டில் வியர்த்து இறங்கும். மலையடிவாரத்து ஊர்களில் இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் இது தினமும் நடக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். புல்லட் போன்ற வண்டிகளில் சட்டத்தின் குழாய் போவதற்காக டேங்கின் அடிப்பாகம் நடுவில் குடைந்து, இரண்டு பக்கமும் தொங்கலாக இருக்கும். பெட்ரோல் குழாய் ஒரு பக்கத் தொங்கலில்தான். எதிர்ப்பக்கத்தில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்து தகட்டை அரிக்கும். முதல் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் விழும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு பட்டை பிடித்திருக்கும் இடத்தைத் தன் பங்குக்குப் பிளக்கும். முழங்கால் படும் ரப்பருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி வெளியிலிருந்தும் அரிக்கும்.

இன்றைக்குப் பெட்ரோலே வேறாகிவிட்டது. 2022ல் நாடு முழுக்கப் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கி, 2025ல் அதுவே எங்கும் பொதுவாகிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கொஞ்சம் ஈரம் என்றால் தன்னோடு கலந்து எஞ்சினுக்குக் கொண்டுபோய்விடும், அந்தமட்டில் நல்லதுதான். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய குறை தெரியாது. மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில்தான் சிக்கல். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். வெறும் தண்ணீரைவிட அது மோசமாக அரிக்கும். எத்தனால் நல்ல கரைப்பானும்கூட. முப்பது நாற்பது வருடம் பேசாமல் ஒட்டிக்கிடந்த பழைய பூச்சையும் கசட்டையும் கிளப்பிக் கார்பரேட்டர் ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். பழைய ரப்பர் குழாய் உப்பும், குழாய் வாஷர் சுருங்கும். டேங்க் ஒழுகுகிறது என்று கொண்டுவரும் வண்டியில், குழாய் வாஷர்தான் போயிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு சின்ன வாஷரோடு வேலை முடிந்துவிடலாம்.

ஈயம் பூசுகிறவர்கள் அருகிவிட்டார்கள். எவர்சில்வர் வந்து பித்தளைப் பாத்திரம் அடுப்படியை விட்டுப் போனபோதே அந்தக் கைத்தொழிலின் பிழைப்பு போய்விட்டது. மோட்டார் சைக்கிள் டேங்க் அவர்களுக்கு எப்போதுமே கூடுதல் வேலைதான், அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இன்றைக்கு வண்டியைச் சீர்செய்ய நினைக்கும் இளைஞர் போனில் வீடியோ பார்த்துத் தானே இறங்குகிறார். அப்படி வந்தவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, மின்சாரத்தால் துரு எடுக்கும் முறை. டேங்கில் சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, டேங்கைத் தொடாதபடி நடுவில் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை டேங்குக்கும் பாசிட்டிவைக் கம்பிக்கும் கொடுத்தால், ஓரிரு நாளில் துரு இளகிக் கழன்றுவிடும். நல்ல தகட்டை இது தின்னாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் துருவோடு தகட்டையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறார்கள். மின்முறையில் ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. கம்பி எவர்சில்வராக இருக்கக்கூடாது, அதிலிருந்து விஷமுள்ள குரோமியக் கழிவு வரும்.

இதற்கு அடுத்துச் செய்வதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. பெரும்பாலோர் இரண்டு டப்பா எபாக்ஸியைக் கலந்து உள்ளே ஊற்றி, டேங்கை உருட்டி உருட்டி உள்தகடு முழுக்கப் பூசிவிடுகிறார்கள். சூடு இல்லை, தீ இல்லை, வெடிக்கும் பயம் இல்லை. இந்த நன்மை பெரிது. இதனால் எத்தனையோ கைகளும் கண்களும் தப்பியிருக்கும். ஆனால் துருவோ எண்ணெயோ ஈரமோ சிறிது மிஞ்சியிருந்தாலும் பூச்சு பிடிக்காது. சில வருடங்களில் தோல் தோலாக உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். எத்தனால் தாங்காத பழைய வகைப் பூச்சு என்றால் இளகிப் பிசினாகிவிடும். பூச்சு உரிந்த டேங்கைப் பற்றவைக்கவும் முடியாது, சூடு பட்டால் உள்ளே எபாக்ஸி கருகிப் புகையும். கடுமையான ரசாயனம் ஊற்றி முழுக்கக் கரைத்து எடுத்தால்தான் மறுபடி தகட்டைக் காண முடியும். அடுத்துக் கை வைக்க வருகிறவருக்கு இது வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே பூச்சை முதல் மருந்தாக எடுக்காதீர்கள் என்று பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். துருவை எடுங்கள், ஓட்டையை ஈயத்தால் அடைக்க முடியுமா என்று பாருங்கள், அதற்கும் அடங்காமல் பல இடத்தில் பொடித்துளை விழுந்திருந்தால் அப்போது பூசுங்கள். அப்போதும் எத்தனால் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

எப்போது டேங்கையே மாற்றுவது? துருவை எடுத்த பிறகு அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கி ‘டப்’பென்று எழுந்தால் கனம் போய்விட்டது. கூரான ஊசி எளிதில் இறங்கினாலும் அப்படித்தான். அந்த டேங்கில் ஈயம் வைப்பது ஏமாற்று வேலை, ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் இரண்டு திறக்கும். தேர்ந்த டிங்கர் கிடைத்தால் அடித்தகட்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துக் கட்டித் தருவார், மேலே பழைய உருவம் அப்படியே நிற்கும். இல்லையென்றால் புதிதுதான். புல்லட்டுக்குப் புது டேங்க் கிடைப்பது மற்ற வண்டிகளைவிடச் சுலபம். மைசூர் தொழிற்சாலை 1996ல் மூடிவிட்டதால் யெஸ்டிக்காரர்கள் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகளில் அலைய வேண்டியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் அடையாள எண்களாக இருப்பவை எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான், டேங்கை மாற்றினால் அந்த எண்கள் மாறாது. நிறத்தை மாற்றினால் மட்டும் பதிவில் எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு பழையதைக் காய்லாங்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. மூல பாகங்களுக்கு இனி மதிப்பு கூடத்தான் செய்யும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது என்பதையும் தெரிந்துகொண்டு பதியுங்கள்.

இந்தக் கைவேலை அடியோடு மறைந்துவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஐ.டி.ஐ.களில் தகட்டு வேலை ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் வயதான டிங்கர்களையும் ஈயம் பூசுகிறவர்களையும் அழைத்து, உரிய கூலி கொடுத்து, ஒரு பழைய டேங்கை மாணவர்கள் முன்னால் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஈயம் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் கழுவுகிறார், எப்போது ‘இன்னும் போகலை’ என்று சொல்லி மறுபடி வெந்நீர் கேட்கிறார் என்பதையும் மாணவர்கள் கூட நின்று பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் தெம்பாக இருக்கும்போதே இதைச் செய்தால்தான் உண்டு.