தான்சேன் பிறந்த ஊரில் ஒரு காலைக் கச்சேரி

குவாலியர்: மத்தியப் பிரதேச மாநிலம், குவாலியர் நகரிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ளது பேஹட் கிராமம். ஆண்டுக்கு ஒரு நாள் காலையில் நாட்டின் தேர்ந்த இசைக் கலைஞர்கள் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்கின்றனர்.

ஜில்மில் ஆற்றங்கரையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் சிவன் கோயிலுக்கு அருகே மேடை அமைக்கப்படுகிறது. டிசம்பர் மாதக் குளிரில் கம்பளி போர்த்தியபடி விரிப்பில் அமர்ந்து கிராம மக்கள் இசை கேட்கின்றனர். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. கச்சேரி முடிந்ததும் கலைஞர்களும், அதிகாரிகளும், பத்திரிகையாளர்களும் நகரத்துக்குத் திரும்பி விடுகின்றனர். பேஹட் மீண்டும் ஓராண்டு காத்திருக்கிறது.

முகலாயப் பேரரசர் அக்பரின் அவையில் நவரத்தினங்களில் ஒருவராகத் திகழ்ந்த தான்சேன் பிறந்த ஊராகக் கருதப்படுவது இந்த பேஹட்தான். மாநில அரசின் கலாசாரத் துறை ஆண்டுதோறும் நடத்தும் தான்சேன் இசை விழாவின் இறுதி நாள் காலை அமர்வு மட்டும் இங்கு நடத்தப்படுவது வழக்கம்.

நூறாண்டு கண்ட விழா: குவாலியர் நகரின் ஹஜீரா பகுதியில் சூஃபி ஞானி முகமது கௌஸின் பெரிய சமாதியும், அதன் அருகே தான்சேனின் எளிமையான சமாதியும் உள்ளன. தான்சேன் நினைவாக இங்கு நடைபெறும் இசை நிகழ்ச்சி, சிந்தியா மன்னர் மாதவராவ் காலத்தில் 1924-ம் ஆண்டு தொடங்கியது. மன்னராட்சி முடிந்து, 1956-ல் இன்றைய மத்தியப் பிரதேசம் உருவான பிறகும் விழா தொடர்ந்தது. 2024 டிசம்பரில் நூறாவது விழா கொண்டாடப்பட்டது.

விழாவின் முதல் நாள் காலையில் தான்சேன் சமாதி முன் ஷெனாய் ஒலிக்கிறது. தொடர்ந்து ஹரிகதையும், மீலாதும் ஒரே இடத்தில் நடைபெறுகின்றன. சமாதிக்கு மலர்ப் போர்வை சார்த்தப்படுகிறது. இந்துவாகப் பிறந்து, சூஃபி ஞானியின் அருகில் துயில் கொண்ட ஒரு கலைஞருக்கு இரு சமய மரபுகளும் சேர்ந்து செலுத்தும் அஞ்சலி இது. மத அடிப்படையில் மக்களைப் பிரிக்கும் அரசியல் எத்தனையோ முறை தலைதூக்கிய போதிலும், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், இந்த வழக்கம் கைவிடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சாய்ந்த கோயில்: நகரத்து விழாவில் பிரம்மாண்டமான மேடை, ஒளி விளக்குகள், விருது வழங்கும் நிகழ்ச்சி, அமைச்சர்களின் உரை என எல்லாம் உண்டு. பேஹட்டில் அந்த ஆடம்பரம் குறைவு. துருபத் பயிலும் இளம் மாணவர்களின் பாடலுடன் அமர்வு தொடங்குகிறது. தம்புராவின் சுருதியில் நிதானமாக ஆலாபனை வளர்கிறது. பின்னர் நமது மிருதங்கத்தை நினைவூட்டும் பக்காவஜ் சேர்ந்து கொள்ள, பன்னிரண்டு மாத்திரை கொண்ட சௌதாளத்தில் பாடல் எழுகிறது. குவாலியரை ஆண்ட ராஜா மான்சிங் தோமர் வளர்த்த கலை வடிவம் இது. அந்த மரபில் வந்த தான்சேனின் பெயரால் வழங்கும் தர்பாரி கானடாவும், மியான் கி தோடியும் இன்றும் பாடகர்களுக்கு உரைகல்லாக உள்ளன.

அருகில் உள்ள சிவன் கோயில் சாய்ந்ததற்கு ஊர் மக்கள் ஒரு கதை சொல்கின்றனர். ஆடு மேய்த்த சிறுவனான தான்சேன் இங்கு உரக்கப் பாடியபோது, அந்தக் குரலின் வலிமையில் கோயில் சாய்ந்து விட்டதாம். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் பேரரசரின் அவைக்குச் சென்று புகழ் பெற்ற ஒருவரைத் தங்கள் ஊர்ப் பிள்ளையாக இருத்திக் கொள்ள கிராமத்தினருக்கு இந்தக் கதை போதுமானதாக இருக்கிறது.

யாருடைய பொறுப்பு?: இசை விழா ஒன்றுதான், ஆனால் அரசியல் சட்டத்தின் பார்வையில் அதற்கு மூன்று பொறுப்பாளர்கள். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்கள் ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 67-வது இனமாக இடம் பெற்றுள்ளன. பொழுதுபோக்குகளும், நாடக நிகழ்ச்சிகளும் மாநிலப் பட்டியலின் 33-வது இனத்தில் வருகின்றன. 1992-ல் நிறைவேறிய 73-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 11-வது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் 21-வது பொருள் "கலாசார நடவடிக்கைகள்".

ஆனால் அந்த அதிகாரத்தை எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநில சட்டப் பேரவையே தீர்மானிக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிக்காக 2016-ல் செய்யப்பட்ட 101-வது திருத்தத்துக்குப் பிறகு, கேளிக்கை வரியை விதித்து வசூலிக்கும் வாய்ப்பு உள்ளாட்சி அமைப்புகளுக்கே விடப்பட்டது. கட்டணமில்லாத கச்சேரியில் அதனால் ஒரு பைசாவும் கிடைக்கப் போவதில்லை. கட்டணம் வைத்தால் கிராமத்தினரே வர இயலாது. ஆக, பட்டியலில் இடம் இருந்தும், அரசு நிதி வந்தால்தான் ஊராட்சியின் கலாசாரப் பணி நடக்கும்.

திருவையாறு தரும் பாடம்: இந்த இடத்தில் தமிழக வாசகர்களுக்குத் திருவையாறு நினைவுக்கு வரக்கூடும். அங்கும் ஆற்றங்கரை, அங்கும் ஓர் இசை மேதையின் சமாதி. ஆனால் அங்கு விழாவை வளர்த்தவர்கள் ஆட்சியாளர்கள் அல்ல, கலைஞர்களும், ரசிகர்களுமே. தியாகராஜர் சமாதிக்குத் தமது சொந்தப் பொருளைச் செலவிட்டு ஆலயம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அரசு இசைக் கல்லூரியும் அவ்வூரில் இயங்குவதால், ஆராதனை முடிந்த பின்னரும் அங்கு பாடம் தொடர்கிறது. விழா ஊரோடு ஒட்டிக் கொள்வதற்கு அரசின் ஆதரவும், மக்களின் உரிமையும் சேர்ந்தே தேவை என்பதை அது காட்டுகிறது.

யுனெஸ்கோ அமைப்பு 2017-ல் சென்னையையும், 2023-ல் குவாலியரையும் இசைக்கான படைப்பாக்க நகரங்களாக அறிவித்தது. அந்தப் பெருமை நகரத்தின் பெயருக்கே கிடைத்துள்ளது. அதன் பயன் 45 கி.மீ. தள்ளியுள்ள கிராமத்தைச் சென்றடையுமா என்பதே கேள்வி. மேடைக்கும், விளக்குக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு, ஆண்டு முழுவதும் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கும், சில தம்புராக்களுக்கும், பக்காவஜ்களுக்கும் உறுதியாக ஒதுக்கப்பட்டால் பேஹட்டின் காத்திருப்புக்குப் பொருள் இருக்கும்.

காலை அமர்வு முடிந்த அன்று மாலையே குவாலியர் கோட்டை அடிவாரத்தில் உள்ள குஜரி மஹாலில் நிறைவுக் கச்சேரி நடைபெறுவது வழக்கம். எல்லோரும் அங்கு விரைகின்றனர். பேஹட்டில் விரிப்புகள் சுருட்டப்படுகின்றன. காலையில் முதலில் பாடிய மாணவர்கள் மட்டும் பாடப் புத்தகத்துக்குத் திரும்புகின்றனர். அடுத்த டிசம்பரில் அந்த மேடையில் முதல் பாடலைப் பாட வேண்டியவர்களும் அவர்கள்தான்.