பிடிசோறும் பேரங்காடியும்

வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவே புளிச்சாதம் கலந்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இலையிலே பொதிந்த அந்தக் கட்டுச்சோற்றுடன் ரயிலேறி வந்து, இன்று மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நமக்கு, ஜப்பானியரின் கட்டுச்சோற்றை அறிந்துகொள்வது கடினமன்று. அதற்கு ஒனிகிரி என்று பெயர். சுடுசோற்றைக் கையால் பிடித்து, நடுவில் உப்போ புளிப்போ மிகுந்த ஏதேனும் ஒரு வியஞ்சனத்தைப் பொதித்து, கடற்பாசித் தாளால் சுற்றிய உருண்டை அது. தாய்மார் விலையின்றிப் பிடித்துக் கொடுத்த இந்தச் சோறு, இன்று டோக்கியோ மாநகரின் பேரங்காடிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டுடன் வீற்றிருக்கிறது. காசு கொடுத்து அதை வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

பெயரிலிருந்து தொடங்குவோம். ஜப்பானிய மொழியில் ‘நிகிரு’ என்றால் கையால் இறுகப் பற்றுதல். அதிலிருந்து பிறந்த சொல் ஒனிகிரி. ஓமுசுபி என்ற மறுபெயரும் இதற்கு உண்டு. ‘முசுபு’ என்றால் முடிதல், இணைத்தல். நாமும் கொழுக்கட்டையைப் பிடிப்பதாகவே சொல்கிறோம். ஆகவே ஒனிகிரியைப் பிடிசோறு என்று தமிழில் அழைப்பது பொருந்தும். சுஷி என்ற உணவோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. சுஷிக்குச் சோற்றில் காடி கலப்பர். பிடிசோற்றுக்கு உப்பு மட்டும் போதும். இது பழமை மிக்க உணவு. இஷிகாவா மாவட்டத்தில் 1987ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட யாயோய் காலத்துச் சோற்றுருண்டை ஒன்று கரிந்து உறைந்த நிலையில் கிடைத்தது.

இனிப் பேரங்காடிக்குள் நுழைவோம். டோக்கியோவின் புகழ்பெற்ற பேரங்காடிகள் சில, ஆதியில் ஜவுளிக் கடைகளாக இருந்தவை. மிட்சுகோஷி என்பது 1673இல் எச்சிகோயா என்ற பெயரில் துணிக்கடையாகத் தோன்றி, 1904இல் தன்னைப் பேரங்காடியாக அறிவித்துக்கொண்டது. மேல் மாடிகளில் பட்டும் அணிகலனும் இருக்க, உணவுப் பகுதி பெரும்பாலும் நிலவறையில் அமைந்திருக்கும். அதனை ‘டெப்பாச்சிக்கா’ என்பர். பேரங்காடியின் அடித்தளம் என்பது அதன் பொருள். சமையலுக்கு வேண்டிய நீர், எரிவாயு, கழிவுநீர்க் குழாய் முதலியவற்றை அடித்தளத்தில் அமைப்பது எளிது. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வருவோர் நேரே உள்ளே நுழையவும் வழி உண்டு. உணவுக்காகக் கீழே வந்தவர் ஊற்று நீர்போல் மேல் மாடிகளுக்கும் ஏறிச் செல்வர் என்பது வணிகர் கணக்கு.

அங்கே வரிசை வரிசையாகச் சிறு கடைகள். மீன், ஊறுகாய், தேநீர், இனிப்பு எனத் தனித்தனியே விற்பர். அவற்றினிடையே பிடிசோற்றுக் கடையும் ஒன்று. வெள்ளைக் குல்லாயும் கையுறையும் அணிந்த பணியாளர் நம் கண்ணெதிரிலேயே சோற்றைப் பிடித்து அடுக்குவதும் உண்டு. பெரும்பாலும் முக்கோண வடிவம். நம் உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றின் விலை ஏறத்தாழ 200 முதல் 400 யென் வரை இருக்கும். எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 விழுக்காடு வரி, அமர்ந்து உண்பதற்கு 10 விழுக்காடு என்னும் வேறுபாடு 2019 அக்டோபரில் ஏற்பட்டது. பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் தனியே காசு கொடுக்க வேண்டும். ஆதலால் துணிப்பை ஒன்றை உடன் கொண்டு செல்வது நலம்.

சோறு ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்பதன் காரணம் அரிசியிலேயே இருக்கிறது. ஜப்பானிய அரிசி குட்டையானது. மாவுப் பொருளில் உதிர்தன்மை தருகின்ற அமிலோஸ் என்னும் கூறு, நம் பொன்னியைக் காட்டிலும் அதில் குறைவு. அதனால் ஆறிய பிறகும் பிடித்த வடிவம் கலைவதில்லை. 1956இல் பதிவு பெற்ற கோஷிஹிகாரி என்ற வகை இதற்குப் பெரிதும் விரும்பப்படுகிறது. அது நீகாட்டா மாவட்டத்தின் உவோனுமா பகுதியில் விளைந்ததெனின் மதிப்பு மிகும். நல்ல கடைகளில் அரிசியின் வகையையும் விளைந்த ஊரையும் எழுதியே வைத்திருப்பர்.

பிடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சோறு சூடாக இருக்கும்போதே, நீரும் உப்பும் தொட்ட கையால், சில திருப்பில் வடிவம் கொடுத்துவிட வேண்டும். மேற்புறம் உறுதியாகவும் உட்புறம் நெகிழ்வாகவும் இருப்பதே சிறப்பு. கையில் எடுத்தால் உடையாமலும் வாயில் இட்டால் தானே பிரிந்தும் போவது நல்ல பிடிசோற்றின் இலக்கணம். அதிகம் அழுத்தினால் கட்டியாகிவிடும். அழுத்தம் குறைந்தால் உதிர்ந்துவிடும்.

உள்ளீடுகளில் தலையாயது உமெபோஷி. சர்க்கரை பாதாமிக்கு உறவான ஒரு புளிப்புக் கனியை உப்பிலிட்டு, கோடை வெயிலில் உலர்த்தி எடுப்பது அது. நம் உப்பு நார்த்தங்காயை நினைத்துக்கொண்டால் போதும். உப்பும் புளிப்பும் சேர்ந்து சோறு விரைவில் கெடாமல் காக்கின்றன. புளிச்சாதம் நெடும்பயணத்திற்கு ஏற்றதாயிருப்பதும் இதே காரணத்தால்தான். இதுவன்றி, சால்மன் மீன், மீன் முட்டை, உலர்மீன் சீவல், ‘கொம்பு’ என்ற தடித்த கடற்பாசி ஆகியவையும் வைப்பதுண்டு. நம்மவருள் புலால் உண்ணாதவர் இங்கே கவனமாயிருத்தல் வேண்டும். உமெபோஷியிலும் கடற்பாசியிலும்கூடச் சுவைக்காக உலர்மீன் சாறு சேர்ப்பதுண்டு. ஆகவே சேர்மானச் சீட்டைப் படித்தோ கேட்டோ வாங்குவதே முறை. வெறும் உப்பிட்ட பிடிசோறும் பல கடைகளில் கிடைக்கும்.

வாங்கியதை அன்றே உண்டுவிட வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சோற்றின் மாவு இறுகிக் கல்லாகிவிடும். அதனால்தான் சிறு கடைகளுக்கு இதனைக் கொண்டுசெல்லும்போதும் சுமார் 20 பாகை வெப்பத்திலேயே வைக்கிறார்கள். கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று இருக்க வேண்டுமெனில், சோற்றைத் தொடாதபடி மெல்லிய உறையில் தனியே பொதிந்ததை வாங்கி, உண்ணும்போது சுற்றிக்கொள்ளலாம். முன்னரே சுற்றி, சோற்றின் ஈரத்தில் பதமானதை விரும்புவோரும் உளர்.

பிடிசோறு விலைக்கு வந்தது புதிதன்று. உட்சுனோமியா ரயில் நிலையத்தில் 1885இல், உமெபோஷி வைத்த இரண்டு உருண்டைகளை மூங்கில் மடலில் கட்டி விற்றார்கள் என்றும், ஜப்பானின் முதல் ரயில் நிலையச் சோற்றுப் பொதி அதுவே என்றும் பரவலாகக் கூறுவர். ஆயினும் பயணத்தில் இல்லாதவரும் நாள்தோறும் வாங்கும் பண்டமாக இது ஆனது பின்னரே. தாளைத் தனியே பொதியும் உறையுடன் 1978இல் செவன் இலெவன் கடைகளில் இது விற்பனைக்கு வந்தபோது, வீட்டில் பிடிப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று ஐயுற்றவர் இருந்தனர். வாங்கினார்கள், ஏனெனில் வீடுகள் மாறிவிட்டன. 1962இல் ஜப்பானியர் ஒருவர் ஆண்டொன்றுக்கு 118 கிலோ அரிசி உண்டார்; அண்மை ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வீட்டில் உலை வைப்பது குறையக் குறைய, பிடித்த சோற்றைத் தேடிக் கடைக்குச் செல்வது மிகுந்தது. 2025இல் 5 கிலோ அரிசியின் விலை 4,000 யென்னைக் கடந்து, அரசு தன் சேமிப்பு அரிசியையே வெளிவிட நேர்ந்தபோது, சோறு என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று அந்நாட்டினர் மீண்டும் உணர்ந்தனர்.

அப்படியானால் பேரங்காடியில் விற்கப்படுவது என்ன? அன்று வடித்த சோறு, பழகிய கையின் பக்குவம், விளைந்த ஊரின் பெயர் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. டோக்கியோவும் பல மாவட்டத்தார் பிழைக்க வந்து குடியேறிய நகரமே. தம் ஊர் அரிசியின் பெயரைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் காண்பவர், 300 யென்னில் ஊரையே சற்று எட்டிப் பார்த்துவிடுகிறார். இன்னாருக்கென்று நினைத்துப் பிடித்த கை மட்டும் விலைக்குக் கிடைப்பதில்லை.

அந்தக் கையின் மதிப்பை ஜப்பான் நாடு ஒரு துயர நாளில் கண்டது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கி, 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்து குளிரில் நின்றவர்களுக்குத் தொண்டர்கள் பிடிசோறு கொடுத்துப் பசியாற்றினர். பிடித்தவருக்கு உண்பவர் யாரென்று தெரியாது. உண்டவருக்கும் பிடித்தவர் யாரென்று தெரியாது. அதன் நினைவாக, 2000ஆம் ஆண்டில் ஜனவரி 17 ஓமுசுபி நாள் என்று நிறுவப்பெற்றது. இணைத்தல் என்ற பொருளுடைய பெயரையே அந்நாளுக்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்!

மாட்டுங்காவிலும் கரோல்பாக்கிலும் அரைத்த இட்லி மாவை விலைக்கு வாங்கிச் செல்லும் நமக்கு, டோக்கியோவாசியின் மனநிலை விளங்காமற் போகாது. வாங்குவதில் இழுக்கேதும் இல்லை. ஆயினும் விடுமுறை நாளில் ஒரு முறையேனும் வீட்டிலே சோறு வடித்து, பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி, ஆளுக்கொரு கவளம் கையிலே உருட்டிக் கொடுப்போமாயின், எந்தப் பேரங்காடியும் விற்க முடியாத ஒன்றை அவர்களுக்கு அளித்தவர்களாவோம்.